ஸ்காபரோ தந்த செவி: ஒரு டீஜேயின் இசை வளர்ப்பும் காதிரைச்சலும்

காதுக்குள் ஓயாத இரைச்சலோடு ஒரு கோடைகாலம் முழுவதையும் வீட்டாரிடம்கூடச் சொல்லாமல் கழித்தவன் என்ற முறையில், விருந்து மண்டபங்களில் இசை இயக்கும் இளையோருக்காகவும் அவர்களின் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். என் காது எப்படி வளர்ந்தது என்பதைச் சொல்லாமல் அது எப்படிப் பழுதுபட்டது என்பதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே ஊரில், ஒரே மனிதர்களிடையே நடந்தவை. எனக்கு இசையைத் தந்தவர்கள் எல்லோரும் மனம் நிறைந்து தந்தார்கள். அதைக் கேட்கும் காதைக் காப்பது எப்படி என்பது மட்டும் அவர்களுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்காத பாடமாக இருந்தது.

நாங்கள் 1988 இல் கனடாவுக்கு வந்தபோது எனக்கு ஆறு வயது. ஸ்காபரோ அப்போது தனி மாநகரம். 1998 இல்தான் அது ரொறன்ரோவோடு இணைக்கப்பட்டது. மார்க்கம் வீதியை ஒட்டிய உயர்ந்த தொடர்மாடி ஒன்றில், இரண்டு அறைகள் கொண்ட வீட்டில் சித்தப்பா குடும்பமும் நாங்களும் சேர்ந்திருந்தோம். அப்பா இரவு வேலைக்குப் போய்விட்டுக் காலையில் வந்து உறங்குவார் என்பதால், பகலில் எங்கள் வீட்டில் எந்தச் சத்தமும் எழக்கூடாது. சனிக்கிழமைகளில் நான் கசற் பிளேயரின் ஒலியை அடிமட்டத்துக்குக் குறைத்து, தரையில் படுத்து, ஸ்பீக்கரின் வலைத்துணியில் காதை வைத்துக்கொண்டு இளையராஜா பாடல்களைக் கேட்பேன். அப்படிக் கேட்கும்போது பாடகரின் குரல் பின்னால் போய்விடும். பேஸ் கிற்றார் எந்த இடத்தில் இறங்குகிறது, வயலின்கள் எந்த மூச்சில் உள்ளே வருகின்றன என்பவை முன்னால் வந்து நிற்கும். பின்னாளில் நான் கற்ற நுட்பங்கள் பலவற்றுக்கும் அந்த மெல்லிய ஒலியில் கேட்ட பழக்கமே அத்திவாரம் என்பதை, காதுக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான் முழுமையாக உணர்ந்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்தால் வேறோர் உலகம். பக்கத்து வீட்டில் கயானாவிலிருந்து வந்த குடும்பம். அந்த வீட்டு அங்கிளின் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள். அவருக்குத் தமிழ் பேசத் தெரியாது, ஆனால் ஊரில் காளி மாய் பூசையில் தப்பு அடித்து வளர்ந்தவர். ஹார்மோனியமும் டோலக்கும் டன்டால் என்னும் இரும்புக் கம்பியும் சேர்ந்த சட்னி இசையை, ட்ரினிடாட்டின் சுந்தர் போபோ குரலில், முதன்முதலில் அவர் வீட்டில்தான் கேட்டேன். மேல்மாடியில் ஜமைக்கா நாட்டுக் குடும்பம். அந்த வீட்டு மூத்த மகன் தன் கூட்டாளிகளோடு ஒரு சவுண்ட் சிஸ்டம் நடத்திவந்தார். தச்சரிடம் சொல்லிச் செய்வித்த, என் உயரத்துக்கு மேலான ஸ்பீக்கர் பெட்டிகளை மின்தூக்கியில் ஏற்ற உதவினால், அவர்கள் இசை ஒலிக்கும் பேஸ்மென்ற் விருந்துகளின் மூலையில் நிற்க எங்களை விடுவார். ஒரே ரிதத்தின்மேல், அதாவது ஒரே பின்னணித் தாளயிசையின்மேல், ஐந்தாறு பாடகர்கள் தனித்தனிப் பாடல்களைப் பாடியிருப்பதையும், இசைத்தட்டை மாற்றும்போது தாளம் மாறாமல் பாடகர் மட்டும் மாறுவதையும் அங்கேதான் பார்த்தேன்.

வார இறுதிகளில் அம்மா என்னை மிருதங்க வகுப்புக்கு அனுப்புவார். ஒரு நாள் மேல்மாடி அண்ணனின் பெட்டிகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது, என் விரல்கள் தொடையில் ‘தகிட தகிட தக’ என்று தாமாகவே தட்டிக்கொண்டிருந்தன. மூன்று, மூன்று, இரண்டு, மொத்தம் எட்டு. ஜமைக்காவின் டான்ஸ்ஹோல் இசையின் அடி விழும் இடங்கள் அந்தச் சொற்கட்டின் தொடக்கங்களில் அப்படியே பொருந்தின. அதை அண்ணனிடம் வாயால் சொல்லிக் காட்டியபோது, அவர் இசையை நிறுத்தி, மீண்டும் சொல்லச் சொல்லி, தன் கூட்டாளிகளையும் அழைத்துக் கேட்கவைத்தார். நான் டீஜே ஆனது அந்த இரவில்தான் என்று என் மனம் இன்றும் கணக்கு வைத்திருக்கிறது. இரண்டு ஊர்களின் தாளங்கள் ஒன்றோடொன்று பேசக்கூடியவை என்பதை ஒரு சிறுவனுக்குக் காட்டித்தர, பல ஊரார் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் கட்டடம் ஒன்றே போதுமாக இருந்தது.

ரொறன்ரோவில் கறுப்பினத்தவரின் இசையை முதன்மையாக ஒலிபரப்பும் வணிக வானொலியாக ஃப்ளோ 93.5 வந்தது 2001 இல்தான். அதற்கு முன் எங்களுக்குப் பல்கலைக்கழக வானொலிகளே கதி. சி.கே.எல்.என். 88.1 இல் ரொன் நெல்சன் 1983 இல் தொடங்கிய நிகழ்ச்சியும் அதன் வழிவந்தவையும் ஒரு தலைமுறைக்கே ஹிப்-ஹொப்பை அறிமுகப்படுத்தின. அலைவரிசை எங்கள் மாடியில் சரியாகப் பிடிக்காது. ஏரியலைப் பலகணிக் கம்பியோடு கட்டி, கசற்றில் பதிந்து, திங்கட்கிழமை பள்ளியில் பரிமாறிக்கொள்வோம். கொஞ்சம் வளர்ந்த பிறகு ஸ்காபரோ ஆர்.ரி. தொடரியில் கென்னடி வரை போய், சுரங்க ரயிலில் நகர மையத்துக்குச் சென்று, யங் வீதியில் இருந்த பிளே டி ரெக்கோர்ட் கடையின் தட்டுகளைப் புரட்டுவேன். பகுதிநேர வேலையில் சேர்த்த 950 டொலருக்குப் பழைய டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 இசைத்தட்டுச் சுழற்றிகள் இரண்டை வாங்கினேன். அந்தக் கருவியின் சுழல்தட்டு விளிம்பில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். பக்கத்திலுள்ள சிறு சிவப்பு விளக்கு அவற்றின்மேல் விழும்போது, வேகம் சரியாக இருந்தால் பெரிய புள்ளிகள் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும். விளிம்பை விரல்நுனியால் மெல்லத் தொட்டால் புள்ளிகள் பின்னால் நழுவும். விட்டால் மறுபடி நிற்கும். இரண்டு பாட்டுகளின் அடியை ஒன்றாக்க நான் மாதக்கணக்கில் பழகியது அந்த விரல்நுனி அழுத்தம் ஒன்றைத்தான்.

இதே காலத்தில்தான் இன்னொன்றையும் கற்றேன். 1997 இல், ஓகஸ்ற் தொடக்கத்தின் நீண்ட வார இறுதியில், லேக் ஷோர் வீதியில் நடந்த கரிபானா என்னும் கரீபியத் திருவிழா ஊர்வலத்துக்குக் கயானா அங்கிள் எங்களை அழைத்துப் போனார். 1967 இல் தொடங்கிய அந்த விழாவில் பாரவண்டி நிறையப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு ஒவ்வொரு குழுவும் வரும். வண்டி அருகில் வரும்போது நெஞ்செலும்பு அதிரும். சட்டைத் துணி தானாக நடுங்கும். எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு அந்த அதிர்வுதான் இசையின் உச்சம். சிறந்த சவுண்ட் என்றால் உரத்த சவுண்ட் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். மறுநாள் காலையில் காது பஞ்சடைத்ததுபோல் இருந்தால், விருந்து நன்றாக இருந்தது என்பதற்கு அதுவே சான்று என்று பெருமையாகப் பேசிக்கொள்வோம். அந்த அடைப்பு உட்செவி சோர்ந்துபோனதன் அறிகுறி. ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் மீண்டும் மீண்டும் நேர்ந்தால் நிரந்தரச் சேதத்தில் முடியும். எங்கள் சூழலில் இதை அறிந்தவர் ஒருவர்கூட இருக்கவில்லை.

2003 முதல் தமிழ் விழாக்களுக்கு இசை இயக்கத் தொடங்கினேன். சாமத்திய வீடு (பூப்பு நீராட்டு விழா), திருமண வரவேற்பு, ஐம்பதாவது பிறந்தநாள் என்று கோடையில் ஒரு வாரமும் ஓயாது. ஸ்காபரோ மண்டபம் ஒன்றில் இசை இயக்குவது எளிய வேலையன்று. அம்மம்மாவுக்குப் பழைய பாடல் வேண்டும், மணமகனின் வேலைத்தலத்து நண்பர்களுக்கு ட்ரினிடாட்டின் சோகா இசை வேண்டும், பஞ்சாபி நண்பர்கள் வந்தால் டோல் மேளம் கேட்பார்கள், கடைசி அரைமணி நேரத்தில் மாமாக்கள் எல்லோரும் கழுத்துப்பட்டியைத் தலையில் கட்டிக்கொண்டு பைலா ஆட்டத்துக்கு இறங்குவார்கள். பைலாவும் நம் டப்பாங்குத்தும் ஆறடி நடையில் போகின்றவை. சோகாவும் ஹிப்-ஹொப்பும் நான்கின் வழியில் நடப்பவை. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும்போது, நான்கடி இசையில் ஓர் அடிக்கு ஆகும் நேரமும் ஆறடி நடையில் மூன்று சிற்றடிகள் சேர்ந்த ஒரு கொத்தின் நேரமும் சமமாகும்படி வேகத்தைப் பொருத்திவிட்டால், ஆடுபவரின் கால் தடுமாறாது. இதை எனக்கு மிருதங்க ஆசிரியரும் மேல்மாடி அண்ணனும் சேர்ந்துதான் கற்பித்தார்கள், இருவரும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை என்றபோதிலும்.

2014 மே மாத நீண்ட வார இறுதியில் தொடர்ந்து மூன்று விழாக்கள் இருந்தன. கடைசி மண்டபத்தில் எனது மேசை முதன்மை ஸ்பீக்கருக்கு மிக அருகில் போடப்பட்டிருந்தது. இடம் மாற்றித் தரும்படி கேட்டும் மேடை அலங்காரம் கெட்டுவிடும் என்று மறுத்துவிட்டார்கள். அன்றிரவு வீட்டுக்கு வந்து படுத்தபோது இடது காதுக்குள் மெல்லிய ‘ஈஈ’ என்ற ஒலி, பழைய தொலைக்காட்சிப் பெட்டியை இயக்கியதும் எழும் கீச்சொலியைப்போல், தொடர்ந்து கேட்டது. காலையில் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. ஒரு வாரம் கழிந்தும் போகவில்லை. வீடு அமைதியாக அமைதியாக அது பெரிதாகும். உறக்கம் அறுந்தது, சாப்பாட்டு மேசையில் தட்டும் கரண்டியும் மோதும் ஓசைகூட ஊசியாய்க் குத்தியது. மனைவி கேட்டபோது களைப்பு என்றேன். டீஜேக்குக் காது போய்விட்டதாம் என்று ஒரு மண்டபத்தில் கதை பரவினால் அடுத்த ஆண்டு அழைப்பே வராது என்ற அச்சம் என்னை விழுங்கிக்கொண்டிருந்தது. இரவில் சமையலறை மின்விசிறியை ஓடவிட்டு அதனடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அழுத நாட்கள் உண்டு; விசிறியின் இரைச்சல் என் காதிரைச்சலைக் கொஞ்சம் மூடியது.

முன்பதிவின்றிப் பார்க்கும் மருத்துவ நிலையம் ஒன்றில், காதில் குரும்பி இல்லை, தானாகச் சரியாகும் என்று சொல்லி இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். இணையத்தில் காதிரைச்சலைக் குணமாக்கும் என்று விற்கப்பட்ட மூலிகை மாத்திரைக்கு 380 டொலர் போனது. காதிரைச்சலை முற்றாக நீக்கும் மாத்திரை எதுவும் இதுவரை இல்லை. அப்படி விற்கிறார்கள் என்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள். குடும்ப மருத்துவரின் பரிந்துரையில் காது மூக்குத் தொண்டை நிபுணரைக் காண இலையுதிர்காலம் வரை காத்திருந்தேன். அந்தக் கோடையில் நான் கைவிட்ட நிகழ்ச்சிகளின் வருமானம் 11,000 டொலருக்கு மேல். திருப்பிக் கொடுத்த முற்பணம் அதற்குள் அடங்காது.

காத்திருந்த காலத்தில் எவரேனும் சொல்லியிருக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் கேட்டல் பரிசோதனை செய்யும் செவிப்புலன் வல்லுநரைக் காண மருத்துவரின் பரிந்துரை தேவையில்லை. கட்டணம் கட்டி நேரே போகலாம். நிபுணருக்கான வரிசையில் நிற்கும்போதே இதைச் செய்திருந்தால் என் அச்சத்தில் பாதி முதல் மாதத்திலேயே குறைந்திருக்கும். இதைவிட முக்கியமான இன்னொன்று: ஒரு காதின் கேட்கும் திறன் திடீரென்று, அல்லது மூன்று நாட்களுக்குள், கணிசமாகக் குறைந்துவிட்டால் அது அவசர நிலை. ஸ்டீரொய்ட் மருந்தை விரைவாக, இரண்டு வாரங்களுக்குள், தொடங்கினால்தான் பயன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். என்னுடையது அவ்வகையன்று. ஆனால் அன்று அது எவ்வகை என்று எனக்குத் தெரியாது. ‘தானாகச் சரியாகும்’ என்ற சொல்லை நம்பி ஒருவர் வாரக்கணக்கில் இருந்தால் என்ன நேரும் என்பதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

பரிசோதனை அறையில் ஹெட்போனை மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பிறகு காட்டிய வரைபடத்தில், இடது காதின் கோடு தாழ்ந்த சுருதிகளில் நேராக வந்து, 4,000 ஹெர்ட்ஸில் குழிபோல் இறங்கி, 8,000 இல் மீண்டும் ஏறியது. பேரொலியால் வரும் சேதத்தின் அடையாளம் அந்தக் குழிதான் என்று வல்லுநர் விளக்கினார். ஒவ்வொரு காதுக்குள்ளும் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. மனிதருக்கு அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பேஸ் என்னும் தாழ்ந்த சுருதி எனக்கு முழுமையாகக் கேட்டதால்தான் ஆண்டுக்கணக்கில் நான் எதையும் கவனிக்கவில்லை. தேய்ந்துகொண்டிருந்தவை ட்ரம்ஸின் ஹை-ஹற் தாளத்தட்டின் மினுக்கமும், இரைச்சலான இடத்தில் பேசுபவரின் ‘ஸ’, ‘ஃப’ போன்ற மெல்லிய ஒலிகளும். மண்டபத்தில் பிள்ளைகள் வந்து பாட்டுக் கேட்கும்போது ‘என்ன, என்ன’ என்று நான் குனிந்துகொண்டிருந்ததன் காரணம் அன்றுதான் விளங்கியது. இடது காது கூடுதலாகப் பழுதுபட்டதற்கும் விளக்கம் இருந்தது: அடுத்த பாட்டைக் கேட்க ஹெட்போனை அழுத்திப் பிடிப்பது அந்தக் காதில்தான், மேசைப் பக்கத்தில் எனக்கென்று வைக்கும் மொனிற்றர் ஸ்பீக்கரின் ஒலியை மீற அதன் அளவைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன்.

கணக்கை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் பிறகு மறக்காது. 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும்: 88 க்கு நான்கு மணி நேரம், 91 க்கு இரண்டு, 94 க்கு ஒன்று, 100 டெசிபலில் பதினைந்து நிமிடம் மட்டுமே. ஒன்ராறியோவில் 2016 ஜூலை 1 முதல் எல்லா வேலைத்தலங்களுக்கும் இந்த அளவு சட்டமாக இருக்கிறது. மண்டபத்தில் உணவு பரிமாறும் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். இசை நிகழ்விடங்களுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 2022 ஆம் ஆண்டு வழிகாட்டல், எந்தப் பதினைந்து நிமிடத்தின் சராசரியும் 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. ஐபோன் வைத்திருப்பவர்கள் அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனமான நயோஷ் இலவசமாகத் தரும் ஒலிமானிச் செயலியை இறக்கிக்கொள்ளலாம். நான் இப்போது விருந்தினர் வருமுன் ஆடுதளத்தின் நடுவிலும் என் மேசையிலும் அளந்து பார்க்கிறேன்.

காதின் அச்செடுத்துச் செய்யும் இசைக்கலைஞர் காதடைப்பானுக்கு நான் கொடுத்தது 270 டொலர். குளிர்ந்த சிலிக்கோன் களியைக் காதுக்குள் செலுத்துவார்கள்; அது இறுகும் சில நிமிடங்களுக்கு உலகம் தூரப் போய், உங்கள் மூச்சு மட்டும் கேட்கும். மருந்துக்கடை நுரையடைப்பான் மேல்சுருதிகளை அதிகம் விழுங்கி இசையை மந்தமாக்கிவிடுவதால் டீஜேக்கள் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இதிலுள்ள வடிகட்டியோ எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கிறது. 15 டெசிபல் வடிகட்டியைக் கேட்டு வாங்குங்கள். சரியாகப் பொருந்தியிருந்தால் 100 டெசிபல் மண்டபம் காதுக்கு 85 ஆகிவிடும், பதினைந்து நிமிடம் எட்டு மணி நேரமாகும். முதல் இரண்டு மூன்று விழாக்களில் மிகவும் அந்நியமாக இருக்கும். வீட்டில் பயிற்சி செய்யும்போதே மாட்டிப் பழகிவிட்டு மண்டபத்துக்குப் போவது நல்லது.

காதிரைச்சல் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அது என்னை ஆள்வதில்லை. முழு அமைதியைத் தவிர்த்து இரவில் மெல்லிய மழையொலியை ஓடவிடுவதும், மன அழுத்தத்தைக் கையாள அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குச் சில மாதங்கள் போனதும் பெரிதும் உதவின. அந்தச் சிகிச்சை இரைச்சலைக் குறைக்காது, அதன்மேலுள்ள அச்சத்தைக் குறைக்கும். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். கேட்டல் கருவி தேவைப்படுவோருக்கு ஒன்ராறியோ அரசின் துணைக்கருவித் திட்டம் விலையில் 75 விழுக்காடு, ஒரு கருவிக்கு 500 டொலர் வரை, தருகிறது என்பதையும் நம் பெரியவர்களுக்குச் சொல்லிவையுங்கள். விலையைக் கேட்டதும் வேண்டாம் என்று எழுந்துவிடும் பலரை எனக்குத் தெரியும்.

2016 இல் மறுபடி முழுமையாக வேலைக்குத் திரும்பினேன். பாட்டுகளை அடுக்கிக் கலந்து பார்க்கும் வேலையை, அப்பா உறங்கிய நாட்களைப்போல, மிகக் குறைந்த ஒலியில்தான் செய்கிறேன். அடி பொருந்தாத இடம் அந்த ஒலியில்தான் தெளிவாகத் தெரிகிறது. ஹெட்போன் காதை நன்றாக மூடும் வகை. பாட்டைப் பொருத்தும் நேரத்தில் மேசை மொனிற்றரைத் தாழ்த்திவிடுவேன். முற்பணம் வாங்கும்போது எழுதும் ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் சேர்த்திருக்கிறேன்: என் மேசை முதன்மை ஸ்பீக்கரின் நேர்முன்னால் இருக்கக்கூடாது, ஒலியளவை முடிவு செய்பவன் நான். இதுவரை இரண்டு குடும்பங்கள் இதனால் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன. மற்ற எல்லோரும் காரணத்தைக் கேட்டுவிட்டுச் சம்மதித்தார்கள். காது பழுதுபட்டதை இப்போது மறைப்பதில்லை. நான் சொன்ன பிறகு, இதே தொழிலிலுள்ள தம்பிமார் தனியாக அழைத்து, ‘அண்ணா, எனக்கும் அப்படித்தான் கேக்குது’ என்கிறார்கள். அவர்களை முதலில் பரிசோதனைக்கு அனுப்புகிறேன்.

விழாவுக்கு வரும் பெற்றோருக்கும் சொல்லவேண்டியது இருக்கிறது. சாமத்திய வீடுகளில் பிள்ளைகள் ஸ்பீக்கருக்கு முன்னால்தான் கூடி ஆடுவார்கள். பெட்டியின்மேல் கைவைத்து அதிர்வைப் பார்ப்பார்கள், நான் பார்த்ததுபோலவே. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் குறையும். மண்டபத்துக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது என்றாலும், பெட்டியைவிட்டுத் தள்ளி நிற்பது ஒவ்வோர் அடிக்கும் பயன் தரும். கைக்குழந்தைகளின் காதுக்குள் அடைப்பான் வைக்கக்கூடாது. அவர்களுக்கென்றே காதை வெளியிலிருந்து மூடும் கவசங்கள் கிடைக்கின்றன. மேசை ஒதுக்கும்போது குழந்தையுள்ள குடும்பத்தை ஸ்பீக்கர் பக்கம் போடவேண்டாம் என்று மண்டபப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். என் மேசைக்கு வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னால், அந்தப் பாட்டு முடியும்வரைகூடக் காத்திருக்காமல் குறைத்துவிடுவேன்.